தோளுக்கு வந்தால் நிமிர்வாள்

கழுத்துப் பட்டை போட்ட மனிதனால் தலையாட்டி ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டும், பீரோவை நகர்த்துகிற மாதிரி. இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்லா ரெஸ்ட் எடு" என்று சொன்னார்கள். ரெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சிலிண்டர் போடுகிறவன். மில் மூடின பிறகு எடுத்த வேலை. மில்லில் நூல் மூட்டை தூக்கினேன், அப்புறம் உப்பளம், முதலியார்பேட்டைத் தெருக்களில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் தூக்கினேன். எதுவாக இருந்தாலும் வலது தோளில்தான். வலது தோளில் சிலிண்டர் உட்கார்ந்தால் தலை தானாக இடது பக்கம் ஒதுங்கிக் கொடுக்கும். கண்ணும் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கும். வலது பக்கம் முழுக்க சிவப்பு இரும்பு. அப்படி இருபது வருஷத்துக்கு மேல் நடந்தால் ஒரு ஊரில் பாதியைத்தான் பார்க்க முடியும். எனக்கு அது தெரியாது. முழு ஊரையும் பார்த்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வீட்டை எனக்கு மாடிப்படியை வைத்துத்தான் தெரியும். நிறை சிலிண்டரோடு ஏறும்போது பதினெட்டுப் படியும் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். அடுத்த நிமிஷம் காலி சிலிண்டரைக் கையில் ஆட்டிக்கொண்டு இறங்கினால், அதே படிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டின மாதிரி குட்டையாக இருக்கும். ஏறின படி வேறு, இறங்கின படி வேறு என்று நான் சத்தியம் செய்வேன். வீட்டுக்காரர்களிடம் "உங்க படி ரொம்ப உசரம்" என்று சண்டை போட்டிருக்கிறேன். ஒரு ரிட்டையர்டு வாத்தியார் ஸ்கேல் எடுத்து வந்து அளந்து காட்டினார். ஏழு அங்குலம். எல்லா வீட்டிலும் ஏழு அங்குலம்தானாம். "ஸ்கேலைத் தோள்ல தூக்கிட்டு ஏறிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன சித்திரையில் ஒருநாள் மூன்றாவது மாடி ஏறும்போது வலது கை மரத்துப்போனது. கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். பட்டையைக் கட்டினார்கள். இனி பாரமே தூக்கக் கூடாது. ஏஜென்சியில் பாவம் பார்த்து கவுண்டரில் உட்கார வைத்தார்கள், ரசீது கிழித்துக் கொடுக்கிற வேலை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க மனிதர்களின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு விஷயம் சொன்னாள். பட்டையையும் சட்டையையும் கழற்றச் சொல்லி, கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, பின்னாலிருந்து இரண்டு தோளிலும் கையை வைத்தாள்.

"உங்க ரைட் ஷோல்டர் ரெண்டு விரல் கீழே இருக்கு, அங்கிள்."

"கண்ணாடி கோணலா மாட்டியிருக்கும்மா."

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணாடியின் மேல் விளிம்பு எனக்குச் சாய்வாகத்தான் தெரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சப்பர விஷயம்.

எங்கள் தெருமுனையில் ஒரு கெபி இருக்கிறது. கல்லடுக்கிக் கட்டின சின்னக் குகை, உள்ளே மாதா சொரூபம். பெரிய கோயிலுக்கு இருக்கிற மாதிரி தேர் எல்லாம் எங்களுக்குக் கிடையாது. நான்கு பேர் தூக்குகிற சின்னச் சப்பரம்தான். வருஷத்துக்கு ஒருமுறை, ஒன்பது நாள் நவநாள் முடிந்து பத்தாம் நாள் சாயங்காலம், மாதா எங்கள் நான்கு தெருவைச் சுற்றி வருவாள். தூக்குகிற நான்கு பேரும் ஒன்பது நாளும் ஒருசந்தி இருக்க வேண்டும், ஒரு வேளைச் சாப்பாடு. நான்கு பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பதற்காக, முதல் தடவை தோள் கொடுக்க வருகிறவனை வெறுங்காலோடு கெபிச் சுவரில் சாய்த்து நிற்க வைத்து, தோள் உயரத்தில் பென்சிலால் கோடு போடுவார்கள். என் கோடு இருபத்தாறு வயதில் போட்டது. அதன் பிறகு என்னை யாரும் அளக்கவில்லை. எனக்கு எதுக்கு அளவு? சப்பரத்துக்கு அடியில் ஓடுகிற இரண்டு மரத் தண்டில், முன்பக்கம் இடது தண்டு என்றால் நான்தான், வலது தோள் கொடுத்து.

அந்த இடத்தில் நிற்கிறவனுக்கு ஒரு தனி மரியாதை உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. புறப்படுவதற்கு முன்னால் சப்பரத்தை இரண்டு பெஞ்சுகள் மேல் வைத்திருப்போம். அப்போது மாதா லேசாக வலது பக்கம் சாய்ந்திருப்பாள். கிரீடத்தைப் பார்த்தால் நன்றாகவே தெரியும். நாங்கள் நான்கு பேரும் தண்டுக்கு அடியில் தோள் கொடுத்து எழுந்தவுடன், அவள் நிமிர்வாள். கூடியிருக்கிற பெண்கள் எல்லாரும் "மரியே வாழ்க!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். சிலர் அழுவார்கள். "தோளுக்கு வந்தாத்தான் எங்க மாதா நிமிருவா" என்று முதலியார்பேட்டையிலிருந்து வருகிற சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். நம் ஜனங்களுக்கு ஒரு புதுமையை, ஒரு அற்புதத்தை, நம்புவதற்கு மூன்று வருஷம் போதும். எங்களுக்கு அதற்கு மேலேயே ஆகிவிட்டது.

தூக்குகிற எனக்கு அவள் நிமிர்வது தெரியாது. தண்டுக்கு அடியில் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு நடக்கிறவனுக்கு ரோடும், பார்க்கிறவர்களின் செருப்பும்தான் தெரியும். அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். அது எனக்குத்தான் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நினைத்துக்கொள்வேன்.

ரோட்டைப் பற்றி எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. கெபியிலிருந்து நாற்பது அடி வைத்தால் ஒரு மூலை வரும், திரும்பும்போது பாரமெல்லாம் என் தோளுக்கு வரும். அந்த மூலையில் ரோடு இடது பக்கம் சாய்கிறது. தூக்கிக்கொண்டு போகும்போது உடம்பே இடது பக்கச் சாக்கடையை நோக்கி இழுக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த மூலையில் மாதாவே இடது பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். "ரோடு அப்படி, நான் என்ன பண்றது?" என்றேன். அடுத்த வருஷம் சொரூபத்தின் பீடத்துக்கு அடியில் இடது பக்கம் ஒரு பிளைவுட் துண்டை வைத்தேன். போதவில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. மூன்று துண்டு வைத்த பிறகுதான் மாதா நேராகப் போனாள். மேலே நீல வெல்வெட் துணி, அதற்கு மேல் பூ. யார் கண்ணுக்கும் படாது.

நகராட்சிக்கு மனுவும் எழுதினேன். ஒரு இளம் இன்ஜினியர் கருவியோடு வந்து அந்த மூலையை அளந்தார். "மட்டமாத்தான் இருக்கு, அண்ணே" என்றார். தண்ணி ஓடுவதற்காக இரண்டு பக்கமும் கொஞ்சம் இறக்கம், அவ்வளவுதான் என்றார். நான் அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி பேசினேன். ஏசி ரூமில் உட்கார்ந்து ரோடு போடுகிறவனுக்கு ரோடு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பாவம், கருவியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பலகைத் துண்டை நானே வைத்துவிட்டு, மாதா நிமிர்கிறாள் என்று எப்படிப் பூரித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பலகையை வைத்தது ரோட்டுக்காக. நிமிர்வது என் தோளுக்காக. இரண்டையும் ஒன்றாக வைத்து நான் யோசித்ததே இல்லை.

இந்த வருஷம் நவநாள் கொடி ஏறுவதற்கு முன்னால் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் ஒரு பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரே மரியாதையாக மிசே என்றுதான் கூப்பிடும். எழுபது தாண்டியும் முதுகு கம்பி மாதிரி. சப்பரம் கிளம்பும்போது அவர் "ஆன் அவான்!" என்று கத்தினால் நாங்கள் நடப்போம். "ஆல்த்!" என்றால் நிற்போம். அர்த்தம் தெரியாத குழந்தைகள்கூட அந்த இரண்டு வார்த்தையை வைத்துத் தெருவில் விளையாடும்.

அவர் என் கழுத்துப் பட்டையைப் பார்த்தார். "இந்த வருஷம் உனக்கு லீவு" என்றார்.

"நாற்பது நிமிஷம்தானே மிசே. பட்டையைக் கழட்டிட்டுத் தூக்கறேன்."

"கழுத்து போச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும். உன் மச்சான் உயரம் சரியா இருக்குது. அவன் தூக்கட்டும்."

என் மனைவியின் தம்பி. முப்பத்தெட்டு வயது, ஸ்டேடியம் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். யாரிடமும் அதிர்ந்து பேசாதவன். அவனைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். அவன் தோள் என் பழைய பென்சில் கோட்டிலேயே சரியாக வந்து நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஒன்பது நாளும் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான், ஒரு வேளை. என் மனைவிதான் பரிமாறினாள். அவன் அந்த ஒரு வேளையையும் கணக்காகத்தான் சாப்பிட்டான், தயிர்கூட வேண்டாம் என்றான். நான் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு அவனுக்குப் பாடம் எடுத்தேன். பேசத்தானே எனக்குத் தடை இல்லை.

"மூலை வரும்போது ஜாக்கிரதைடா. ரோடு இடது பக்கம் சாயும். காலைப் பார்த்து வை."

"சரி மாமா."

"பீடத்துக்கு அடியில இடது பக்கம் மூணு பலகைத் துண்டு இருக்கும். மூணையும் வச்சு நட்டு முடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மாதா நிக்க மாட்டா."

"வச்சுடறேன் மாமா."

பத்தாம் நாள் மத்தியானம் நல்ல மழை. நாலு மணிக்கு விட்டது. நான் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "அக்கம்பக்கத்துல என்னா நினைப்பாங்க, எழுந்து வாங்க" என்று மனைவி இழுத்துக்கொண்டு வந்தாள். பட்டையோடு நடந்தேன். பட்டை போட்டால் குனிய முடியாது, தலையைச் சாய்க்கவும் முடியாது. நேராகப் பார்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த மூலையைக் கடக்கும்போது மழைத் தண்ணீர் ரோட்டில் தேங்கியிருந்தது. என் எரிச்சலில் நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு தண்ணீர் நின்றது. காலில் ஒரு இழுப்பும் இல்லை. அது மூலை என்றே தோன்றாமல் கடந்து வந்துவிட்டேன்.

கெபி வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நோயாளி நாற்காலி. அதில் உட்கார்ந்து, தோள் கொடுக்க ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக, சப்பரம் புறப்படுவதை முன்னாலிருந்து பார்த்தேன். பூ, சீரியல் லைட், நீல வெல்வெட், எல்லாம் இருந்தது. மாதா வழக்கம்போல வலது பக்கம் சாய்ந்திருந்தாள். மச்சான் புது வேட்டி கட்டிக்கொண்டு என் இடத்தில் நின்றான்.

"ஆன் அவான்!"

நான்கு பேரும் எழுந்தார்கள். பெண்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள்.

மாதா நிமிரவில்லை.

பெஞ்சில் எப்படி இருந்தாளோ அப்படியே, கிரீடம் வலது பக்கம் சரிந்து நின்றாள். இன்னொரு முறை இறக்கித் தூக்கினார்கள். அப்போதும் இல்லை. பின்னால் யாரோ ஒரு குழந்தை மட்டும் "மரியே வாழ்க" என்று சொல்லிவிட்டு, கூட யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டது.

எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்க மாட்டேன். பார்த்தாயா, நான் இல்லாமல் நிமிர்வாளா என்று மனசு குதித்தது. நவநாள் முழுக்கச் செபமாலை சொன்ன வாய்தான் என்னுடையது. அப்படியும் அந்தச் சந்தோஷம் வந்தது.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. முதலில் கிசுகிசு, அப்புறம் நன்றாகவே கேட்கிற மாதிரி.

"ஒருசந்தி ஒழுங்கா இருந்தானா?"

"கடைகிட்ட டீ குடிச்சதைப் பார்த்தேன்னு யாரோ சொன்னாங்க."

"மாதாவுக்குத் தெரியாதா? சுத்தமில்லாத தோள்ல எப்படி நிமிருவா?"

மச்சான் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். அவனால் திரும்பிப் பதில் சொல்ல முடியாது. தோளில் மாதா. அவன் காது சிவந்துபோனது மட்டும் எனக்குத் தெரிந்தது. என் மனைவி "எங்க வீட்லதான் சாப்ட்டான்! நான்தான் போட்டேன்!" என்று கத்தினாள். அக்காக்காரி அப்படித்தான் சொல்வாள் என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொல்தா என்னைப் பார்த்தார். கூட்டமும் என்னைப் பார்த்தது. யாரும் எழுந்து வா என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பட்டையின் ஒட்டைப் பிரித்தேன். பிரியும்போது பர்ரென்று ஒரு சத்தம். அதை மனைவி கையில் கொடுத்தேன், அவள் திட்டியது காதில் விழவில்லை.

மச்சான் இடத்தை விட்டு நகரும்போது தாழ்ந்த குரலில் சொன்னான். "நான் டீகூடக் குடிக்கல மாமா. உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். தெரிந்தும், குனிந்து தண்டுக்கு அடியில் போனேன். தண்டு வலது தோளில் அதன் பழைய பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் எனக்கு என் உடம்பு திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

"நிமிர்ந்துட்டா! நிமிர்ந்துட்டா!"

"மரியே வாழ்க!"

அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த வருஷமும் கேட்டதில்லை. யாரோ என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கை மரத்துக்கொண்டே வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். தலை அதன் வழக்கப்படி இடது பக்கம் சாய்ந்துகொண்டது. ரோடு, செருப்பு, ரோடு, செருப்பு. கூடவே ஓரமாக ஒரு ஜோடி வெறும் கால் நடந்து வந்தது. புது வேட்டி, சேறு தெறித்த கரை. மச்சான். அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நடந்தவர்கள் ஓர் அடி தள்ளி நடந்தார்கள், அவன் காலைச் சுற்றி மட்டும் ரோடு காலியாக இருந்தது.

மூலை வந்தது. ரோடு இடது பக்கம் சாய்ந்தது.

எப்போதும்போல அப்படியே சாய்ந்தது. சாக்கடைப் பக்கம் உடம்பு இழுத்தது. எனக்குக் கோபம்கூட வந்தது, எத்தனை மனு எழுதியும் சரி செய்யவில்லையே என்று. அப்போது காலுக்கு முன்னால் அந்த மழைத் தண்ணீர் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்க்கிறவனுக்கு அந்தத் தண்ணீரே சாய்ந்து நின்றது. தண்ணீர் சாய்ந்து நிற்குமா? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பட்டையோடு இதே தண்ணீரைத் தாண்டித்தானே வந்தேன். அப்போது மட்டமாக நின்றதே. காலில் ஒரு இழுப்பும் இல்லையே.

ஒரு மணி நேரத்தில் யாரும் ரோடு போடவில்லை.

ரெண்டு விரல் என்றாளே அந்தப் பெண். கண்ணாடி கோணல் என்றேன். படி உயரம் என்றேன். ரோடு சாய்வு என்றேன். அந்த இன்ஜினியர் பையனை நாய் மாதிரி விரட்டினேன். மூன்று பலகைத் துண்டு, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் என் தோள் இறங்க இறங்க, மாதாவுக்கு அடியில் ஒன்று ஏறியிருக்கிறது. நான் கோணலாகிக்கொண்டே போனதற்கு ஊரே சேர்ந்து மாதாவைக் கோணலாக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதைப் புதுமை என்று கத்தியும் இருக்கிறது. நேரான தோளோடு ஒருவன் வந்தவுடன், பாவி என்று அவனைத் தள்ளி வைத்தாகிவிட்டது.

இன்னும் மூன்று தெரு சுற்றினால் முடிந்துவிடும். நான் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள், கழுத்தோடு சேர்த்து. சாகிறவரைக்கும் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் எனக்கென்று வேறு எந்த இடமும் கிடையாது, அந்த ஸ்டூலைத் தவிர. நான்கு அடி நடந்தேன். ஐந்தாவது அடியும் நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வெறும் கால்கள் கூடவே வந்துகொண்டிருந்தன.

"ஆல்த்!" என்று கத்தினேன்.

அதைக் கத்துகிற அதிகாரம் சொல்தாவைத் தவிர யாருக்கும் இல்லை. ஊர்வலம் திடுக்கிட்டு நின்றது. "பெஞ்சைக் கொண்டுவாங்க" என்றேன். எனக்குத்தான் கழுத்து போய்விட்டது என்று நினைத்துப் பதறி ஓடி வந்தார்கள். சப்பரத்தை இறக்கினோம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பூவை ஒதுக்கி, வெல்வெட்டைத் தூக்கி, பீடத்தின் நட்டைக் கையால் தளர்த்தினேன். வலது கை வேலை செய்யவில்லை, இடது கையால் திருகினேன். மூன்று துண்டையும் ஒவ்வொன்றாக உருவி வெளியே எடுத்தேன். ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தன. நட்டை மறுபடி முடுக்கினேன்.

"இதை வச்சது நான்" என்றேன். "வைக்கச் சொன்னதும் நான். அவன் சொன்னபடி செஞ்சான். ஒன்பது நாளும் ஒருசந்தி இருந்தான், நான் சாட்சி. கோணல் என் தோள்ல."

சொல்தா குனிந்து துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் இரண்டு தோளையும் பட்டாளத்தில் ஆள் எடுக்கிற மாதிரி மாறி மாறிப் பார்த்தார். மச்சானைப் பார்த்து, போய் நில் என்று கையைக் காட்டினார்.

"ஆன் அவான்!"

அவர்கள் தூக்கினார்கள். மாதா பெஞ்சிலேயே நேராகத்தான் இருந்தாள். தோளிலும் நேராகவே இருந்தாள். நிமிர்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் யாரும் கத்தவில்லை. நாற்பது கிலோ மரத்தை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகிற சாதாரண விஷயமாக அது எங்கள் மூலையைத் தாண்டிப் போனது. நான் ரோட்டோரம் நின்று, மரத்துப்போன கையில் அந்த மூன்று துண்டை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். இத்தனை வருஷம் சுமந்தும், தெருவில் போகும்போது அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அன்றும் சரியாகப் பார்க்கவில்லை. தண்டில் இருந்த தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, வருஷா வருஷம் அந்த நிமிஷத்தில் அழுகிறவர், என்னைப் பார்த்து, "எங்க மாதா நிமிருறதை நிறுத்திட்டியேப்பா" என்றார். கோபமாகக்கூட இல்லை, தன் பொருள் ஒன்றை நான் தொலைத்துவிட்ட மாதிரி கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் "தூக்கி அடியில வச்சுக்கோங்க" என்று துண்டுகளை அவர் கையில் திணிக்கத் தோன்றியது. செய்யவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

சப்பரம் சுற்றி முடித்து கெபிக்கு வந்த பிறகு, எல்லாருக்கும் அவித்த கொண்டைக்கடலை கொடுத்தார்கள். மச்சான் இரண்டு தொன்னை வாங்கிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். மனைவி அதற்குள் பட்டையைத் திரும்ப மாட்டிவிட்டிருந்தாள். அவன் வேறு யாரைப் பற்றியும் பேசவில்லை. டீ குடித்தான் என்று சொன்னவர்களைப் பற்றிக்கூட.

கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "மூலையில ரோடு இடது பக்கம் சாயும்னு சொன்னீங்களே மாமா" என்றான். "நானும் காலைப் பார்த்துப் பார்த்து வச்சேன். சாயவே இல்ல. புதுசா போட்டாங்களா?"

"இல்லடா" என்றேன். "அது எப்பவும் அப்படியேதான் இருந்துது."

அவன் என் தோளைப் பார்த்தான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டு, தன் தொன்னையில் இருந்த கடலையைக் கொஞ்சம் என் தொன்னையில் போட்டான்.